வேலிக்காலும் சிறு டிராக்டரும்

மைசூரு மாவட்டத்தின் மேற்குத் தாலுகாக்களான ஹுணசூரு, பெரியபட்டணம், ஹெக்கடதேவனகோட்டை ஆகியவற்றில் கேழ்வரகும் மக்காச்சோளமும் புகையிலையும் பருத்தியும் விளைகின்றன. இவ்வூர்களின் கழனிகள் பல, நாகரஹொளே, பந்திப்பூர்க் காடுகளின் விளிம்புவரை சென்று நிற்கின்றன. கதிர் முற்றும் காலத்தில் இங்குள்ள உழவன் இரவில் உறங்குவதில்லை. பரண்மீது ஏறித் தகரத்தைத் தட்டிக்கொண்டும் தீ மூட்டிக்கொண்டும் காவல் இருக்கிறான். காட்டுப்பன்றியும் மானும் யானையும் ஒருபுறம். ஊராரின் ஆடும் மாடும் மற்றொருபுறம். நான்கு மாத உழைப்பு ஓர் இரவில் அழிந்துபோவது இப்பகுதியில் புதுமையான செய்தியன்று. ஆகவே, வேலி என்பது இங்கு அலங்காரமோ எல்லைத் தகராற்றுக்கு விடையோ மட்டும் அன்று. அது விளைச்சலின் ஒரு பகுதியாகவே கருதத்தக்கது.

வேலி நிற்பதும் சாய்வதும் அதன் கால்களைப் பொறுத்தவை. கம்பி அறுந்தால் அரைமணியில் முடிச்சுப் போட்டுவிடலாம். கால் சாய்ந்தாலோ, அதற்கு இருபுறமும் உள்ள கம்பிகள் தொய்ந்து, நாளடைவில் அந்த வரிசை முழுவதுமே பயனற்றதாகிவிடும். இக்காலை ஊன்றும் பணியில் அண்மைக் காலத்தில் சிறு டிராக்டரும் அதனோடு இணைக்கப்படும் குழி தோண்டும் கருவியும் புகுந்துள்ளன. அவை எவ்வாறு இயங்குகின்றன, எங்கே உதவுகின்றன, எங்கே உதவா, எங்கே உயிருக்கே ஊறு விளைவிக்கக்கூடும் என்பன களப்பணியாளர் அறிந்திருக்க வேண்டியவை. இவற்றுள் சில, பள்ளி ஆசிரியர் நெம்புகோலையும் திருப்புவிசையையும் கற்பிக்க நல்ல உதாரணங்களாகவும் அமையும்.

முள்வேலியும் கல்காலும்

மைசூர்ப் பிரதேசம் உயிர்வேலிக்குப் பெயர்பெற்றது. ஸ்ரீரங்கப்பட்டணத்தைச் சூழ்ந்து முள்மரங்களும் செடிகளும் நெருங்கி வளர்ந்த பெருவேலி ஒன்று இருந்தது. 1792 பிப்ரவரி 6-ஆம் நாள் இரவு காரன்வாலிஸின் படை திப்பு சுல்தானின் பாளையத்தைத் தாக்கியபோது அவ்வேலியைக் கடந்தே உள்ளே நுழைய வேண்டியிருந்தது. ஊரைக் காத்த அதே முறை கழனியையும் காத்தது. கற்றாழை, கள்ளி, சப்பாத்திக்கள்ளி ஆகியவற்றை உழவர் வரப்போரம் வளர்த்தனர்.

ஆயினும் உயிர்வேலிக்கும் ஒரு கேடு உண்டு. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சப்பாத்திக்கள்ளி வேலியோடு நிற்கவில்லை. மேய்ச்சல் நிலங்களையும் தரிசுகளையும் தென்னிந்தியா முழுவதும் கவ்விக்கொண்டது. 1926-இல் இலங்கையிலிருந்து தருவிக்கப்பட்ட ஒருவகைக் கொச்சினீல் பூச்சி அதன் சாற்றை உறிஞ்சி, ஐந்தாறு ஆண்டுகளில் பெரும்பாலான புதர்களைக் கருகச் செய்தது. களையைப் பூச்சியால் ஒழித்த முயற்சிகளுள் இது உலகப் புகழ் பெற்றது. கொங்கு நாட்டில் காங்கேயத்தைச் சூழ்ந்த கொரங்காடுகளைக் காக்கும் கிளுவை வேலிக்கு இத்தகைய தீய குணம் இல்லை; நட்ட இடத்தில் நின்று, தலைமுறை தலைமுறையாகக் காளைகளை அடக்கி வைக்கிறது. கிளுவை வளரும் மண்ணில் அதனை விட்டுக் கம்பிக்குப் போவதற்கு உழவன் நன்கு யோசிக்க வேண்டும். ஆனால் அது அடர்ந்து வேலியாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருக்க இயலாதவனுக்கே கம்பிவேலி.

முள்கம்பி 1874-இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த ஜோசப் கிளிடன் என்ற விவசாயியின் காப்புரிமையால் உலகெங்கும் பரவத் தொடங்கியது. கம்பி எங்கும் ஒன்றே. கால்தான் ஊருக்கு ஊர் மாறுகிறது. மரம் மலிந்த நாட்டில் மரக்கால், ஆலை மலிந்த நாட்டில் இரும்புக்கால். மைசூரு நிலப்பரப்பின் அடியில் மிகத் தொன்மையான நைஸ் பாறையும் கருங்கல்லும் கிடக்கின்றன. எனவே இங்கு கல்லே காலாயிற்று. கல்தச்சன் பாறையின் இழையை அறிந்து, ஒரே கோட்டில் சிறு குழிகளை உளியால் பொளிந்து, அவற்றில் ஆப்புகளை வைத்து ஒன்றன்பின் ஒன்றாக அடிக்கிறான். பாறை அக்கோட்டிலேயே நேராகப் பிளக்கிறது. இவ்வாறு எடுத்த கற்களை வீட்டுச் சுவராகவும் திராட்சைப் பந்தலின் தூணாகவும் வேலிக்காலாகவும் நிறுத்துவது கர்நாடகத்தில் எங்கும் காணும் காட்சி.

கல்லைக் கரையான் அரிக்காது, நெருப்பு எரிக்காது. மரமோ பெரும்பாலும் தரைமட்டத்திலேயே இற்றுப்போகிறது. ஈரமும் காற்றும் ஒருங்கே கிடைக்கும் இடம் அதுவே ஆதலால், மரத்தைச் சிதைக்கும் பூஞ்சைகள் அங்கே செழிக்கின்றன. இக்குறையைப் போக்க வழி கண்டவர் ஓர் இந்திய விஞ்ஞானி என்பதை ஆசிரியர்கள் மாணவருக்குச் சொல்லலாம். டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய சோண்டி காமேசம் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புக்கலவை ஒன்றை உருவாக்கினார். மரத்துக்குள் அழுத்தத்தால் செலுத்தப்பட்ட இக்கலவை இழைகளோடு பிணைந்து, மழையில் கரையாமல் நிலைத்து, பூஞ்சையையும் கரையானையும் தடுக்கிறது. உலகின் பல நாடுகளில் தந்திக் கம்பங்களும் வேலிக்கால்களும் நெடுங்காலம் இம்முறையிலேயே பக்குவப்படுத்தப்பட்டன. ஆர்சனிக் நஞ்சு பற்றிய அச்சத்தால், 2003-ஆம் ஆண்டின் முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோகத்துக்குரிய மரங்களில் இக்கலவை கைவிடப்பட்டது. இவ்வாறு பதப்படுத்திய பழைய காலை அடுப்பில் எரிப்பது பெருந்தவறு. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் வெளிப்படும்.

குழியும் கருவியும்

கல்காலின் குறை அதன் எடை. 12 சென்டிமீட்டர் சதுரமும் 2.1 மீட்டர் நீளமும் உள்ள ஒரு கால் ஏறத்தாழ 80 கிலோ இருக்கும். அதனை நிறுத்த 60 சென்டிமீட்டர் ஆழக் குழி வேண்டும். கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் தோண்டுபவன் தன் கையும் கருவியும் இயங்குவதற்கு இடம் தேடுகிறான். ஆகவே குழி 45 சென்டிமீட்டர் சதுரத்துக்குக் குறைவதில்லை. அதிலிருந்து வெளிவரும் மண் 120 லிட்டருக்கு மேற்படும். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள திருகுத் துளைப்பான் அதே ஆழத்துக்கு இறங்கும்போது வெளிவருவது 42 லிட்டரே. உழைப்பு மூன்றில் ஒன்றாகக் குறைகிறது என்பது இதன் ஒரு பயன். மற்றொரு பயனே பெரிது: காலைச் சுற்றியுள்ள கன்னிமண் கலையாமல் கெட்டியாகவே இருக்கிறது. எத்துணை நன்றாக இடித்தாலும், தோண்டி நிரப்பிய மண் தோண்டாத மண்ணின் உறுதியை எளிதில் அடைவதில்லை.

டிராக்டரின் பின்புறம் கருவிகளை மூன்று முனைகளில் மாட்டி, ஹைட்ராலிக் விசையால் தூக்கும் முறையை வகுத்தவர் அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்குசன். 1926-இல் அவர் காப்புரிமை பெற்ற இம்முறை, 1939-இல் போர்டு நிறுவனத்தின் டிராக்டரில் இடம்பெற்றது. இன்று பெரிய டிராக்டருக்கும் சிறிய டிராக்டருக்கும் அதுவே பொது. தென்னிந்தியாவில் சிறு யந்திரங்கள் பரவியதற்கு, 1967-இல் ஜப்பானின் மிட்சுபிஷி நிறுவனத்தின் கூட்டுறவோடு பெங்களூரில் தொடங்கப்பட்ட வி.எஸ்.டி. நிறுவனமும் ஒரு காரணம். முதலில் பவர் டில்லரையும் பிற்பாடு 18.5 குதிரைத்திறனுள்ள சிறு டிராக்டரையும் அது உழவர் கையில் சேர்த்தது. பாக்குத் தோப்பிலும் வாழைத் தோட்டத்திலும் வரிசைகளுக்கிடையே புகுந்து திரும்பக்கூடிய இத்தகைய வண்டி, வரப்பை ஒட்டி வேலி போடுவதற்கும் ஏற்றது. பெரிய டிராக்டர் திரும்புவதற்குள் பயிரில் பாதியை மிதித்துவிடும்.

குழி தோண்டும் கருவியின் அமைப்பு எளியது. டிராக்டரின் பின்புறத்தில் சுழலும் தண்டு ஒன்று உண்டு. ஓட்டுநர்கள் அதனைப் பி.டி.ஓ. என்பார்கள். அது நிமிடத்துக்கு 540 முறை சுழலும். அச்சுழற்சி ஓர் இணைப்புத் தண்டின் வழியே பல்சக்கரப் பெட்டிக்குச் செல்கிறது. அங்கே திசை செங்குத்தாக மாறி, வேகம் ஏறத்தாழ மூன்றில் ஒன்றாகக் குறைந்து, திருகுத் துளைப்பானைச் சுழற்றுகிறது. வேகம் குறைந்த அளவுக்குத் திருப்புவிசை கூடுகிறது. 15 குதிரைத்திறன் தண்டை அடைகிறது எனக் கொண்டால், நிமிடத்துக்கு 180 முறை சுழலும் துளைப்பானில் திருப்புவிசை ஏறத்தாழ 60 கிலோகிராம்-மீட்டர் ஆகும். 15 சென்டிமீட்டர் ஆரத்தில், அதாவது துளைப்பானின் விளிம்பில், இது 400 கிலோ எடைக்குச் சமமான விசை. வேரிலோ கல்லிலோ அலகு சிக்கிக்கொண்டால் அவ்விசை முழுவதும் கருவியையும் வண்டியையும் முறுக்கத் தொடங்கும். அதனைத் தாங்குவதற்காகவே இணைப்பில் ஷியர் போல்ட் எனப்படும் மெல்லிய போல்ட் ஒன்று வைக்கப்படுகிறது. பெட்டிக்குக் கேடு வருமுன் அது முறிந்து விடுவிக்கும். அடிக்கடி முறிகிறதே என்று அதனிடத்தில் கெட்டியான போல்ட்டை மாட்டுவோர் உண்டு. இருபது ரூபாய்ப் பொருளைக் காக்கப் பல்சக்கரப் பெட்டியை இழப்பதே அதன் விளைவு.

இங்கே ஒரு செய்தியை வற்புறுத்திச் சொல்லவேண்டும். பெரும்பாலான சிறு டிராக்டர்களில் ஹைட்ராலிக் கரம் கருவியைத் தூக்குமேயன்றிக் கீழ்நோக்கி அழுத்தாது. துளைப்பான் மண்ணில் இறங்குவது தன் எடையாலும் முனையின் கூர்மையாலும் திருகின் சாய்வாலும் மட்டுமே. மைசூருவின் செம்மண் கோடையில் செங்கல்லைப்போல் இறுகிவிடும். அப்போது அலகு மேற்பரப்பில் வழுக்கிச் சுழலுமே ஒழிய இறங்காது. அந்நேரத்தில் பல்சக்கரப் பெட்டியின்மீது ஒருவனை ஏறி நிற்கச் செய்வதோ, ஒருவன் கைகளால் அழுத்துவதோ வழக்கமாகக் காணும் தவறு. இதைவிட ஆபத்தான செயல் வேறில்லை.

அந்த ஆபத்தைக் கணக்கிட்டே காட்டலாம். 540 சுற்று என்பது நொடிக்கு 9 சுற்று. இணைப்புத் தண்டின் விட்டம் 7 சென்டிமீட்டர் எனில், அதன் சுற்றளவு 22 சென்டிமீட்டர். ஒரு நொடியில் அது சுற்றிக்கொள்ளும் துணி ஏறத்தாழ 2 மீட்டர். நான்கு முழ வேட்டி முழுவதும் ஒரே நொடியில் அதில் சுருண்டுவிடும். துணியோடு கையும் காலும் போகும். கூக்குரலைக் கேட்டு ஓட்டுநர் திரும்பிப் பார்த்து கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். எனவே தண்டின்மேல் பிளாஸ்டிக் உறை இல்லாத கருவியை வாடகைக்குக்கூட எடுக்கலாகாது. வேட்டியும் சேலையும் தோளில் துண்டும் அணிந்தவர் எவரும் கருவி சுழலும்போது இரண்டு மூன்று மீட்டர் தூரத்துக்குள் வரலாகாது. கிராமங்களில் புதிய யந்திரம் வந்தால் சிறுவர் கூட்டம் சுற்றி நிற்பது இயல்பு. இதுபற்றி வகுப்பில் முன்கூட்டியே எச்சரிப்பது ஆசிரியரின் கடமைகளுள் ஒன்றாகக் கொள்ளத்தக்கது.

மண் இறுகியிருந்தால் பரிகாரம் நீரே. முதல் நாள் மாலை குறியிட்ட இடங்களில் சிறு பாத்தி கட்டி ஒரு குடம் நீர் ஊற்றிவைத்தால், மறுநாள் காலை அலகு தானாக இறங்கும். அதனினும் நன்று, ஏப்ரல், மே மாதங்களில் பெய்யும் கோடைமழைக்குப்பின் இரண்டு மூன்று நாள் கழித்து வேலையைத் தொடங்குவது. நஞ்சன்கூடு, திருமகூடலு நரசிபுரப் பக்கங்களில் காணும் கரிசல் மண்ணின் இயல்பு வேறு. ஈரம் மிகுந்தால் அது அலகில் பிசின்போல் ஒட்டிக்கொள்வதோடு, குழியின் சுவரை மெழுகியதுபோல் வழவழப்பாக்கிவிடும். அத்தகைய சுவரோடு நிரப்பிய மண் சேராது. கடப்பாரை முனையால் சுவரைக் கீறிவிட்டபிறகே காலை நிறுத்தவேண்டும். கரிசல் கோடையில் சுருங்கி வெடிக்கும், மழையில் உப்பும். ஆகையால் அங்கே ஆழத்தை 75 சென்டிமீட்டருக்குக் கூட்டுவது நல்லது.

கருவியை இயக்கும் முறையில் பொறுமையே முதன்மை. வண்டியைப் பின்னோக்கி நகர்த்தி, அலகின் முனையை முளைக்குச்சியின்மேல் நிறுத்தி, எஞ்சினைக் குறைந்த வேகத்தில் வைத்துக்கொண்டு சுழற்சியைத் தொடங்கவேண்டும். 15, 20 சென்டிமீட்டர் இறங்கியதும் தூக்கி மண்ணை உதறவிட்டு மீண்டும் இறக்கவேண்டும். ஒரே மூச்சில் இறக்கினால் அலகு திருகாணிபோல் மண்ணுக்குள் தன்னைத் திருகிக்கொண்டு அமர்ந்துவிடும். ஹைட்ராலிக் கரம் அதனைத் தூக்க முயன்றால், இலகுவான சிறு டிராக்டரின் முன்சக்கரங்களே மேலே எழும்பும். அவ்வாறு சிக்கினால் எஞ்சினை அறவே நிறுத்தி, குழாய் ஸ்பானரால் துளைப்பானைக் கையால் எதிர்த்திசையில் திருப்பி விடுவிப்பதே முறை. இன்னொரு நுணுக்கமும் உண்டு. தூக்குக்கரம் வட்டத்தின் ஒரு வில்லில் இறங்குகிறது. துளைப்பானோ நேராக இறங்கவேண்டும். ஆழம் கூடக்கூட வண்டியைச் சிறிதளவு நகர்த்தி ஈடு செய்யாவிட்டால் குழி சாய்ந்துவிடும். தேர்ந்த ஓட்டுநர் இதனைப் பார்வையாலேயே அறிவார்.

ஈரமான செம்மண்ணில் ஒரு குழிக்கு ஓரிரு நிமிடங்கள் போதும். ஆகவே வேலையின் வேகத்தை இனி நிர்ணயிப்பது குழியன்று, 80 கிலோ கல்லைத் தூக்கி நிறுத்தும் ஆட்களே. குழிகளை எல்லாம் ஒரே நாளில் தோண்டிவிட்டுக் கற்களுக்காகக் காத்திருப்பது தவறு. திறந்த குழியில் மழைநீர் நிற்கும். இரவில் கன்றோ குழந்தையோ கால் இடறும்.

மூலைக்கால்

காலை நிறுத்தியபின் மண்ணை ஒரேயடியாகக் கொட்டாமல் ஒரு சாண் உயரத்துக்கு ஒருமுறை திமிசால் இடித்து இறுக்கவேண்டும். 30 சென்டிமீட்டர் குழியில் காலைச் சுற்றி 6 முதல் 9 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கும். அதில் கடப்பாரையின் மழுங்கிய முனை நன்றாக இயங்கும். 22 சென்டிமீட்டர்த் துளைப்பான் விரைவானது என்று அதனைத் தேர்ந்தெடுப்போர், இடிக்க இடமின்றிப் பின்னர் இடர்ப்படுகின்றனர். நன்றாக இடித்த மண்ணில் வரிசைக்கால்களுக்குக் கான்கிரீட் தேவையே இல்லை.

மூலைக்காலின் நிலை முற்றிலும் வேறு. வரிசையின் நடுவில் நிற்கும் காலை இடப்புறக் கம்பியும் வலப்புறக் கம்பியும் ஒரே அளவில் இழுப்பதால் இழுவிசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. முடிவுக்காலுக்கு அந்த வசதி இல்லை. நான்கு கம்பிகள் ஒவ்வொன்றும் 100 கிலோ இழுவிசையோடு முறுக்கப்பட்டு, தரைக்குமேல் சராசரி 75 சென்டிமீட்டர் உயரத்தில் இழுக்கின்றன எனக் கொள்வோம். தரைமட்டத்தில் காலை வளைக்கும் திருப்புவிசை 300 கிலோகிராம்-மீட்டர். 12 சென்டிமீட்டர்ச் சதுரக் கல்லில் அது சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் தகைவை உண்டாக்கும். பல கருங்கற்கள் வளைக்கப்படும்போது 10 முதல் 15 நியூட்டன் அளவிலேயே முறிந்துவிடுகின்றன. அதாவது, அழுத்தினால் மலைபோல் தாங்கும் கல், வளைத்தால் எளிதில் ஒடியும். செங்கோண மூலையிலோ இரு வரிசைகளின் இழுவிசையும் சேர்ந்து மூலைவிட்டத் திசையில் 566 கிலோவாகிறது. புதிதாகப் போட்ட வேலிகளில் மூலைக்கல் தரையோடு முறிந்து கிடப்பதற்கு மாடு இடித்ததைக் காரணமாகச் சொல்வார்கள். மாடு பெரும்பாலும் குற்றமற்றது.

இதற்குப் பரிகாரம் முட்டுக்கால். வேலியின் கோட்டிலேயே, உட்புறத்தில் சாய்வாக ஒரு கல்லை நிறுத்தி, அதன் தலை மூலைக்காலின் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில் முட்டுமாறும், அடி நிலத்தில் புதைத்த பட்டைக்கல்லின்மேல் ஊன்றுமாறும் அமைக்கவேண்டும். கம்பி இழுக்கும்போது முட்டுக்கல் அழுத்தப்படுகிறது. அழுத்தத்தைத் தாங்குவதில் கருங்கல்லுக்கு இணை இல்லை. மூலைக்கு இரண்டு வரிசைகள் ஆதலால் முட்டும் இரண்டு. நெடிய வரிசையில் ஐம்பது அறுபது மீட்டருக்கு ஒருமுறை இருபுறமும் முட்டுக் கொடுத்த ஒரு காலை வைப்பது கம்பியை முறுக்குவதற்கு உதவும். கயிற்றில் 3, 4, 5 என்ற அளவில் முடிச்சிட்டுச் செங்கோணம் குறிப்பதை மாணவரைக் கொண்டே செய்விக்கலாம். பித்தாகரஸ் தேற்றம் அன்றோடு மறவாது.

வேலியின் நீளம் நிலத்தின் பரப்பை மட்டும் பொறுத்ததன்று. சதுரமான ஓர் ஏக்கரின் சுற்றளவு 254 மீட்டர். 3 மீட்டருக்கு ஒன்று வீதம் 85 கால்கள். அதே ஏக்கர் 20 மீட்டர் அகலத் துண்டாக இருந்தால் சுற்றளவு 445 மீட்டராகிவிடும். கால்கள் ஏறத்தாழ 150. சதுரமாகச் சேர்ந்த நான்கு ஏக்கருக்கோ 509 மீட்டரும் 170 கால்களும் போதும். தனித்தனியே வேலியிட்டால் நால்வருக்கும் சேர்த்து 1,018 மீட்டர் வேண்டியிருக்கும். பாகப்பிரிவினையால் நாடாக்களைப்போல் கிழிபட்ட நிலங்களில் ஒவ்வொருவனும் தனியே வேலியிட முனைவது கடனில்தான் முடிகிறது. கர்நாடகத்தில் 2014-15 முதல் கிருஷி யந்திரதாரே திட்டத்தின்கீழ் யந்திரங்களை வாடகைக்குக் கொடுக்கும் நிலையங்கள் அமைக்கப்பட்டன. நால்வர் சேர்ந்து ஒரு கருவியை அமர்த்தினால் வாடகையும் நால்வருக்கும் பங்காகும். அண்டை வீட்டாருக்கிடையே உடன்பாடு காண்பது குழி தோண்டுவதைவிடக் கடினம் என்பதைக் களப்பணியாளர் அறிவர்.

யானையும் வேலியும்

மேற்கூறிய வேலி ஆட்டையும் மாட்டையும் தடுக்கும். அடிக்கம்பியைத் தரையை ஒட்டி இழுத்தால் பன்றிக்கும் ஓரளவு தடை. யானைக்கு அது ஒரு பொருட்டன்று. 2017-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கர்நாடகக் காடுகளில் 6,049 யானைகள் மதிப்பிடப்பட்டன. வேறெந்த மாநிலத்திலும் அத்தொகை இல்லை. நாகரஹொளேயும் பந்திப்பூரும் அவற்றின் முக்கிய வாழிடங்கள்.

யானைக்கென இப்பகுதியில் முதலில் வெட்டப்பட்டவை அகழிகள். மழையில் கரை சரிந்து, யானைகளே காலால் மண்ணைத் தள்ளித் தூர்த்து, அகழிகள் பல இடங்களில் வழியாகிவிட்டன. அடுத்து வந்தது சூரியசக்தி மின்வேலி. அதில் மின்சாரம் இடைவிடாது ஓடுவதில்லை. சில ஆயிரம் வோல்ட் அழுத்தமுள்ள துடிப்பு, நொடிக்கு ஒன்று வீதம், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரமே பாய்கிறது. ஒரு துடிப்பின் ஆற்றல் 5 ஜூலுக்கு மிகலாகாது என்பது சர்வதேச வரம்பு. தொட்ட விலங்கு அதிர்ந்து விலகும், இறவாது. ஆனால் 230 வோல்ட் வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது கொலைக்கருவி வைப்பதற்கு ஒப்பாகும். அதில் யானை மட்டுமன்றி, விடியற்காலையில் நீர் பாய்ச்சச் செல்லும் அண்டை நிலத்தானும் வைத்தவனின் பிள்ளையுமே மடிகின்றனர். வேலியே பயிரை மேய்ந்த கதை என்பது இதற்கே பொருந்தும். இது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்கீழும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும் குற்றம்.

மின்வேலிக்குரிய கால்கள் இலேசானவை. சிறு டிராக்டருக்கு ஏற்ற வேலை. அவற்றின் பலவீனமும் கால்களிலேயே இருக்கிறது. தந்தம் மின்சாரத்தைக் கடத்துவதில்லை. களிறுகள் இதனைக் கற்றுக்கொண்டு தந்தத்தால் கம்பியை அறுக்கின்றன. மரக்கிளையை முறித்துக் கால்மீது தள்ளி வேலியைச் சாய்ப்பதும் உண்டு. இதனால், காலை உழவன் பக்கமாக உள்ளே தள்ளி நிறுத்தி, மேலே ஒரு நீண்ட கையிலிருந்து மின்கம்பிகளை விழுதுபோல் தொங்கவிடும் தொங்குவேலி இப்போது பரவியுள்ளது. முட்டித் தள்ளுவதற்கு யானையின் எட்டில் கால் இல்லை. நீண்ட கை காலை ஒருபுறம் இழுப்பதால், இதற்குக் குழி ஆழமாகவும் அடி கான்கிரீட்டிலும் இருத்தல் அவசியம்.

எல்லாவற்றிலும் கடுமையானது தண்டவாள வேலி. இதன் முன்மாதிரி தென்னாப்பிரிக்காவில் உள்ளது. 1954-இல் ஆட்டோ யானைகள் தேசியப் பூங்காவின் மேலாளர் கிரஹாம் ஆம்ஸ்ட்ராங், பழைய டிராம் தண்டவாளங்களையும் மின்தூக்கிகளின் இரும்பு வடங்களையும் கொண்டு 2,270 ஹெக்டேரைச் சூழ வேலி அமைத்தார். அப்போது அங்கு எஞ்சியிருந்த யானைகள் 22 மட்டுமே. அவ்வேலி அவற்றைக் காத்தது. சுற்றுப்புற விவசாயிகளையும் காத்தது. கர்நாடக வனத்துறை 2010-களில் நாகரஹொளே விளிம்பில் பழைய ரயில் தண்டவாளங்களால் இத்தகைய தடுப்பை நிறுவத் தொடங்கியது. மீட்டருக்கு 52 கிலோ எடையுள்ள தண்டவாளத்தைத் தூக்கி நிறுத்தச் சிறு டிராக்டர் போதாது. பெரிய யந்திரங்களும் கான்கிரீட்டும் வேண்டும். தடுப்பு நிறுவிய இடங்களில் யானை வருகை குறைந்தது. இடைவெளி விட்ட இடங்களில் கூடியது. 2018 டிசம்பரில் வீரனஹொசஹள்ளி அருகே, இரவில் வயலுக்கு வந்து காட்டுக்குத் திரும்பிய ஆண் யானை ஒன்று அத்தடுப்பைக் கடக்க முயன்று, தண்டவாளத்தின்மேல் சிக்கி உயிர்விட்டது. தடுப்பின் உயரமும் இடைவெளியும் எவ்வாறு இருக்கவேண்டும் என்ற வினா அதன்பின் வலுத்தது. உள்ளே வரவிடாமல் தடுப்பதோடு, வந்துவிட்ட விலங்கு திரும்பிச்செல்லும் வழியையும் எண்ணிப் பார்த்தே இத்தகைய தடுப்புகளைத் திட்டமிடவேண்டும்.

சிற்றுழவனின் வேலிக்கு ஆண்டுதோறும் செய்யவேண்டியது சிறிதே. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும் வரிசை நெடுகிலும் நடந்து, ஒவ்வொரு காலையும் கையால் அசைத்துப் பார்க்கவேண்டும். அசையும் காலின் அடியில் சரளையும் மண்ணும் இட்டு மறுபடி இடிக்கவேண்டும். மின்வேலியாயின் கம்பியைத் தொடும் உண்ணிச்செடியையும் புல்லையும் வெட்டிவிடவேண்டும். பச்சைக்கொடி ஒன்று தொட்டால்போதும், மின்துடிப்பு மண்ணுக்குள் கசிந்துவிடும். கோடையில் மண் உலர்ந்தால் தரைக்கம்பி பதித்த இடத்தில் வாரம் ஒருமுறை நீர் ஊற்றவேண்டும். முட்டுக்கல்லின் தலை மூலைக்காலை விட்டு விரலளவு விலகியிருப்பின், அதனடியில் உள்ள பட்டைக்கல் அமிழ்ந்துவிட்டது என்று பொருள். கம்பியைத் தளர்த்திவிட்டு அதனை எடுத்துத் திருத்தியபின்னரே மீண்டும் முறுக்கவேண்டும்.